சுருளின் இரண்டாம் பக்கம்

கினேஷ்மா
1974 அக்டோபர் 27

நிகாந்தர் யெகோரிச் அவர்களுக்கு,

உங்கள் அண்ணன் சவேலியின் மனைவி தைசியா எழுதுகிறேன். கால் வலியைத் தவிர எனக்குக் குறையில்லை. நீங்களும் மகள் ரிம்மாவும் சுகமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். குங்கூரில் இந்நேரம் பனி விழுந்திருக்கும். கழுத்துத் துணி இல்லாமல் வெளியே போகாதீர்கள்.

உங்கள் இரங்கல் தந்தி வந்தது. அதில் நான்கு சொற்கள் இருந்தன. எட்டு வருடம் பேசாத தம்பியிடமிருந்து நான்கு சொல் வந்ததே அதிகம் என்று எடுத்து வைத்துக்கொண்டேன். உங்கள் அம்மாவை அடக்கம் செய்த அன்று இவர் சவப்பெட்டியைத் தூக்காமல் கேமராவைத் தூக்கிக்கொண்டு நின்றதும், நீங்கள் அதைத் தட்டிவிட்டதும் எனக்கு மறக்கவில்லை. யார் பக்கம் நியாயம் என்று அன்றும் நான் சொல்லவில்லை, இன்றும் சொல்லப் போவதில்லை. எழுதும் காரணம் வேறு.

அவருடைய நாற்பதாம் நாள் சடங்கு முடிந்து பொருட்களை ஒதுக்கி வைக்கும்போது கேமராவில் ஒரு சுருள் இருப்பதைப் பார்த்தேன். முழுதும் எடுத்து முடித்தது. ஆகஸ்டில் வேலை விஷயமாகப் பெர்ம் நகருக்குப் போய் மூன்று நாள் இருந்தார். அப்போது எடுத்ததாகத்தான் இருக்க வேண்டும். திரும்பி வந்ததும் கழுவ நேரமில்லை என்றார். செப்டம்பரில் நெஞ்சு வலி வந்தது. அதன்பின் நேரம் என்ற பேச்சே இல்லை.

இது நெகட்டிவ் இல்லாத வகை. அந்தச் சுருளே கழுவக் கழுவத் திரையில் ஓடும் படமாக மாறும். கெட்டுப்போனால் வேறு பிரதி கிடையாது. நகரத்துச் சேவை நிலையத்தில் கொடுக்க எனக்கு மனமில்லை. போன முறை கொடுத்ததற்கு யாரோ ஒருவருடைய கல்யாணம் திரும்பி வந்தது. மணப்பெண் நன்றாகத்தான் இருந்தாள், ஆனால் எங்களுக்கு அவளைத் தெரியாது. வீட்டிலேயே கழுவப் போகிறேன். படம் கழுவும் அவருடைய சுழல்தொட்டி இருக்கிறது. அதை நீங்கள் இருவரும் சேர்ந்துதானே வாங்கினீர்கள்? ஜாடிகளும் இருக்கின்றன, ஆனால் எதிலும் பெயர் இல்லை. ஒன்றில் மட்டும் "தொடாதே" என்று எழுதியிருக்கிறது. என்னென்ன மருந்து, எவ்வளவு, எங்கே கிடைக்கும் என்று எழுதுங்கள். உங்களைவிட்டால் கேட்க ஆளில்லை.

இருபத்திரண்டு வருடம் அவர் எதைப் பார்த்தாலும் கேமராவின் கண்ணாடி வழியாகத்தான் பார்த்தார். கடைசியாக எதைப் பார்த்தார் என்று எனக்குத் தெரிய வேண்டும். அவ்வளவுதான் ஆசை.

பெர்மிலிருந்து உங்கள் ஊர் இரண்டு மணி நேரம்தானே. அங்கே வந்தாரா?

உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

தைசியா

*

குங்கூர்
1974 நவம்பர் 16

மதிப்பிற்குரிய தைசியா பாவ்லோவ்னா அவர்களுக்கு,

கடிதம் கிடைத்தது. நானும் ரிம்மாவும் நலம். உங்கள் கால் வலி தீர விழைகிறேன். அண்ணன் இறந்ததற்கு மீண்டும் என் வருத்தம்.

படம் பற்றி: என் ஆலோசனை, அதைத் தொட வேண்டாம். எடுத்த சுருள் மூன்று மாதம் கேமராவில் கிடந்தால் மங்கிப்போகும். கட்டாயம் பார்த்தே ஆக வேண்டும் என்றால் ஒரே டெவலப்பர், பிறகு படத்தை நிலைநிறுத்தும் ஹைப்போ, அத்தோடு நிறுத்திக்கொள்ளுங்கள். நெகட்டிவாக நிற்கும். அதில் ஆபத்து இல்லை.

நேர்ப்படமாக்க வேண்டுமென்றால் நடுவில் வெளுப்புக் கரைசல் வேண்டும். முதல் டெவலப்பர் கறுப்பாக்கிய வெள்ளியை அது கரைத்து வெளியேற்றும். அதற்குப் பொட்டாசியம் டைகுரோமேட் தேவை. உங்கள் ஊரில் அது கிடைக்காது. மருந்துக் கடையில் கிடைக்கும் பெர்மாங்கனேட்டையும் சிலர் போடுவார்கள். அது ஃபிலிமின் மேல்பூச்சை இளக்கிவிடும், போடாதீர்கள்.

பணிமனையில் வேலை அதிகம். இத்துடன் முடிக்கிறேன்.

நி. யெகோரிச்

*

கினேஷ்மா
1974 டிசம்பர் 1

நிகாந்தர் யெகோரிச் அவர்களுக்கு,

வணக்கம். கால் வலி அப்படியே இருக்கிறது, விசாரித்ததற்கு நன்றி. ரிம்மாவுக்கு என் அன்பு. வோல்கா உறைந்துவிட்டது, அக்கரை வரை நடந்து போகிறார்கள்.

நெகட்டிவ் வேண்டாம். முகம் கரியாகவும் தலைமயிர் பஞ்சாகவும் இருக்கும் ஆட்களை வைத்துக்கொண்டு நான் என்ன செய்வது? பேய்க்கூட்டத்தைப் பார்க்கவா இவ்வளவு பாடு? பெர்மாங்கனேட் கதை எனக்கும் தெரியும். ஒரு புத்தாண்டுப் படத்தை இவர் அதில் போட்டார். மேல்பூச்சு முழுக்கப் பாலாடை மாதிரி நழுவித் தொட்டிக்குள் மிதந்தது.

டைகுரோமேட் கிடைக்காது என்று எழுதியிருந்தீர்கள். நான் வேலை செய்வது துணி ஆலையில் என்பதை மறந்துவிட்டீர்கள் போலிருக்கிறது. சாயப் பட்டறையில் கம்பளி நூலுக்கு நிறம் ஒட்ட வைப்பதே அதுதான், பீப்பாய் பீப்பாயாகக் கிடக்கிறது. மேற்பார்வையாளர் ஸ்தெபானிதாவிடம் போய்க் கேட்டேன்.

"எதுக்குடி உனக்கு? ஸ்வெட்டருக்குச் சாயம் போடப் போறியா?"

"இல்ல, வீட்டுக்காரரக் கழுவப் போறேன்."

அவள் சிலுவை போட்டுக்கொண்டாள். பிறகு விவரம் சொன்னேன். மேலதிகாரியிடம் கையெழுத்து வாங்கிக்கொண்டு ஜாம் பாட்டிலில் போட்டுக் கொடுத்தாள். ஆரஞ்சு நிறத்தில், பார்க்க மிட்டாய் மாதிரி அழகாக இருக்கிறது. விஷம் என்று பத்து முறை சொன்னாள்.

மருந்துக் கடையில் பொட்டாசியம் புரோமைடு கேட்டேன். அது தூக்க மருந்தும்கூட. அந்தப் பெண் என் துக்கக் கறுப்பு உடையைப் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்திக்கொண்டாள். "தூக்கம் வரலையாம்மா? எத்தன நாளா?" எனக்கு இல்லை, படத்துக்கு என்றேன். அவள் என்னைப் பார்த்த பார்வையைச் சொல்லி முடியாது. எனக்கே சிரிப்பு வந்தது. செப்டம்பருக்குப் பிறகு முதல் சிரிப்பு.

மெட்டால், ஹைட்ரோகுயினோன், சல்பைட் மூன்றும் புகைப்படக் கடையில் வாங்கியாயிற்று. இனி அளவும் முறையும் நீங்கள்தான் எழுத வேண்டும். வெளுப்புக் கரைசலில் டைகுரோமேட்டோடு ஏதோ அமிலமும் சேரும் என்று நினைவு. எந்த அமிலம்?

அவர் அங்கே வந்தாரா என்று கேட்டிருந்தேன். விட்டுப்போயிற்று போலிருக்கிறது.

சுகமாக இருங்கள்.

தைசியா

*

குங்கூர்
1974 டிசம்பர் 28

மதிப்பிற்குரிய தைசியா பாவ்லோவ்னா அவர்களுக்கு,

தாமதத்துக்கு மன்னிக்கவும். ரிம்மாவுக்குக் காய்ச்சல், இப்போது பரவாயில்லை. உங்களுக்குப் புத்தாண்டு நல்லபடியாக அமையட்டும்.

அளவுகளைத் தனித்தாளில் எழுதி இணைத்திருக்கிறேன். முதல் டெவலப்பர், கழுவுதல், வெளுப்பு, சல்பைட்டில் துலக்கல், பிறகு விளக்கை நன்றாகக் காட்டி இரண்டாம் டெவலப்பர், கடைசியில் ஹைப்போ. முதல் டெவலப்பரில் சூடு மாறக் கூடாது.

அமிலம்: கந்தக அமிலம் தேடி அலைய வேண்டாம், கையாள்வதும் ஆபத்து. மருந்துக் கடையில் வயிற்றுக் கோளாறுக்கு விற்கும் ஹைட்ரோகுளோரிக் அமிலமே போதும்.

நி. யெகோரிச்

*

கினேஷ்மா
1975 ஜனவரி 9

அன்புள்ள நிகாந்தர் யெகோரிச்,

புத்தாண்டு வாழ்த்துகள். ரிம்மாவுக்குப் பாலில் தேன் விட்டுக் கொடுங்கள். நான் நலம், பண்டிகைக்கு வாத்து கிடைக்கவில்லை, ஹெர்ரிங் மீனோடு முடித்துக்கொண்டேன்.

உங்கள் தாள் மிகத் தெளிவாக இருந்தது. அவர் இவ்வளவு தெளிவாக எழுதியதே இல்லை. அதைச் சுவரில் ஒட்டியிருக்கிறேன். எங்கள் குளியலறை நாலு குடும்பத்துக்குப் பொது என்பதால் ஒரு ஞாயிறு மதியத்தைக் கேட்டு வாங்கியிருக்கிறேன். பக்கத்து அறை லாரி ஓட்டுநர் ஃபெதோத் தெரியுமா? அன்றைக்கு யாரும் கதவைத் தட்டாமல் காவல் இருக்கிறானாம். கந்தக அமிலம் வேண்டுமா என்று அவனாகவே கேட்டான்.

"பாட்டரித் தண்ணி எங்கிட்ட ஒரு கேன் இருக்கு அக்கா. யாரையாவது கரைக்கணும்னா சொல்லுங்க, இன்னொரு கேன் கொண்டாரேன்."

வேண்டாமப்பா, என் கொழுந்தனார் மருந்துக் கடை அமிலமே போதும் என்கிறார், அவருக்குத் தெரியாததா என்று சொல்லிவிட்டேன். ரயில் பணிமனையின் பாட்டரி அறையிலேயே வேலை செய்கிறவர் நீங்கள். அமிலத்தில் உங்களுக்கு மேல் யார்?

பத்தொன்பதாம் தேதி ஞாயிறு, கழுவப் போகிறேன். காரியம் கெடாமல் இருக்க வேண்டிக்கொள்ளுங்கள். படத்தில் நான் இருக்க மாட்டேன், அது தெரியும். வாழ்நாள் முழுக்க விளக்கு பிடித்தவள் நான். விளக்குப் பிடிக்கிறவள் படத்தில் வருவதில்லை. ஆனாலும் அவர் நிழலாவது எங்காவது தரையில் விழுந்திருக்கும். அது போதும்.

மூன்றாம் முறையாகக் கேட்கிறேன்: ஆகஸ்டில் அவர் உங்களைப் பார்க்க வந்தாரா, இல்லையா?

உங்கள் அண்ணி
தைசியா

*

தந்தி
குங்கூர், 1975 ஜனவரி 21

ஹைட்ரோகுளோரிக் வேண்டாம். கந்தக அமிலம் மட்டும். கழுவாதீர்கள். காத்திருங்கள். நிகாந்தர்

*

கினேஷ்மா
1975 ஜனவரி 23

நிகாந்தர் யெகோரிச்,

நலமாக இருப்பீர்கள் என்று நினைக்கிறேன்.

தந்தி செவ்வாய் மாலை வந்தது. நான் ஞாயிறே செய்துவிட்டேன். நீங்கள் எழுதிய அளவு, நீங்கள் எழுதிய வரிசை, நீங்கள் சொன்ன அமிலம். சுருள் கறுப்பாக வந்திருக்கிறது. முதல் சாணிலிருந்து கடைசிச் சாண் வரை அடுப்புக் கதவு மாதிரி ஒரே கறுப்பு. வெளிச்சத்தில் பிடித்தேன், ஒன்றும் இல்லை.

குளியலறையைக் கழுவிவிட்டுத் திரும்பக் கொடுத்துவிட்டேன்.

தைசியா

*

குங்கூர்
1975 பிப்ரவரி 2

அண்ணி,

எப்படி இருக்கிறீர்கள் என்று கேட்கும் தகுதி எனக்கு இல்லை. கேட்காமலும் இருக்க முடியவில்லை.

அது போய்விட்டது. அதில் இருந்தது என்ன என்றாவது உங்களுக்குத் தெரிய வேண்டும். இனி அதைச் சொல்லக்கூடிய ஆள் நான் ஒருவன்தான். அதனால் எழுதுகிறேன்.

அவர் வந்தார். ஆகஸ்டில் ஒரு சனிக்கிழமை. நான் கொல்லையில் வெள்ளரிக்குத் தண்ணீர் விட்டுவிட்டு, வாளியோடு வாசல் கதவைத் திறந்து தெருவில் மிச்சத் தண்ணீரை ஊற்றினேன். எதிர்ப்பக்கத்தில், தபால் நிலையத்துச் சுவரோரம் ஒருவர் நின்றுகொண்டிருந்தார். சாம்பல் நிறத் தொப்பி. முகம் தெரியவில்லை, முகம் இருக்க வேண்டிய இடத்தில் கேமரா இருந்தது. முகம் எதற்கு? எனக்குத் தெரியாத நிற்பா அது? இடது காலை முன்னால் வைத்து, மூச்சைப் பிடித்துக்கொண்டு.

எட்டு வருடம் கழித்து வருகிறவர், "தம்பி" என்று கூப்பிட்டிருக்கலாம். தெருவைக் கடந்து வந்திருக்கலாம். அம்மாவைப் புதைத்த அன்று எப்படி நின்றாரோ அப்படியே நின்றார். எனக்குக் கோபம் தலைக்கு ஏறியது. நேராக அந்தக் கண்ணாடியைப் பார்த்தேன், பார்த்துக்கொண்டே கதவை அறைந்து சாத்தினேன். அவர் முகத்தில் இல்லை அண்ணி, கேமராவின் முகத்தில். அப்போது அப்படித்தான் நினைத்தேன்.

உள்ளே வந்ததும் வாளியைக்கூடக் கீழே வைக்க முடியவில்லை. ரிம்மா "யாருப்பா வெளிய?" என்றாள். "யாருமில்ல" என்றேன். அந்தச் சொல் வாயை விட்டுப் போனதும் தாங்கவில்லை. செருப்பைக்கூட மாற்றாமல் திரும்ப ஓடினேன். ஒரு நிமிடம் ஆகியிருக்குமா? தெரு காலி. தபால் நிலையச் சுவர், பகல் சாப்பாட்டுக்குப் பூட்டிப் போட்டிருந்த, க்வாஸ் பானம் விற்கும் தொட்டி வண்டி, ஒரு நாய். பேருந்து நிறுத்தத்துப் பக்கம் பார்த்தேன். போய்விட்டார். நான் கதவைச் சாத்தியதுதான் அவர் என்னிடம் கடைசியாகக் கண்டது. நாலு வாரத்தில் உங்கள் தந்தி வந்தது.

நீங்கள் மூன்று முறை கேட்டீர்கள். அந்தச் சுருளை நீங்கள் சுவரில் ஓட்டிப் பார்ப்பதை நினைத்து நினைத்து எனக்குத் தூக்கம் போயிற்று. அந்த அமிலம் என்ன செய்யும் என்று தெரிந்துதான் எழுதினேன். நீங்கள் என்னை நம்பி ஃபெதோதிடம் வேண்டாம் என்று சொன்னதைப் படித்த பிறகுதான் தபால் நிலையத்துக்கு ஓடினேன். அந்தத் தபால் நிலையத்துக்குத்தான்.

திட்டி எழுதுங்கள். எழுதாமல் மட்டும் இருக்காதீர்கள்.

நிகாந்தர்

*

கினேஷ்மா
1975 பிப்ரவரி 17

நிகாந்தர்,

உங்கள் கடிதத்தைப் படித்துவிட்டு ஒரு வாரம் அலமாரியில் வைத்துப் பூட்டினேன். என் கோபம் வெளியே வந்துவிடக் கூடாது என்று. ரிம்மா நலமா?

நான் சாயப் பட்டறைக்கு அடுத்த பகுதியில் துணி பார்க்கிறவள். ஒரு துண்டை நனைத்துப் பார்க்காமல் முழுத் துணியையும் தொட்டியில் இறக்குகிறவளை எங்கள் ஆலையில் வாசலோடு அனுப்பிவிடுவார்கள். உங்கள் அண்ணன் விட்டுப்போன ஒரே சுருளை முதல் கழுவலிலேயே இறக்கிவிடுவேன் என்று நினைத்தீர்களா? கடையில் புதுச் சுருள் ஒன்று வாங்கி, ஆலைப் பெண்கள் பனிச்சறுக்கு போவதை எடுத்து, அதைத்தான் கழுவினேன். கறுப்பானது அது. ஸ்தெபானிதா குப்புற விழுந்ததை நன்றாக எடுத்திருந்தேன், அதுதான் வருத்தம்.

உங்கள் அண்ணன் பத்திரமாக ரொட்டிப் பெட்டிக்குள் இருக்கிறார்.

எந்தச் சுருள் என்று நான் எழுதவில்லை. எழுதாமல் விட்டேன். ஆலை ஆய்வகத்துப் பெண்ணிடம் கறுப்புச் சுருளைக் காட்டி ஏன் என்று கேட்டேன். "கந்தக அமிலம்னா வெள்ளியக் கரைச்சு வெளிய தள்ளிடும். இந்த மருந்துக் கடை அமிலம் தள்ளாது. வெள்ளை வேஷம் போட்டு உள்ளயே உக்கார வெச்சிடும். அடுத்த டெவலப்பர்ல எல்லாம் கறுப்பாத் திரும்பி வரும். பாட்டரி அறையில இருக்கறவருக்கு இது தெரியாமலா இருக்கும்?" என்றாள். தெரியும் என்றுதான் எனக்கும் பட்டது. ஏன் என்றுதான் புரியவில்லை. உங்கள் வாயிலிருந்து வரட்டும் என்று காத்திருந்தேன். வந்துவிட்டது.

நீங்கள் கதவைச் சாத்தியதற்கு எனக்குக் கோபமில்லை. அந்தக் கேமரா முன்னால் நானே எத்தனை கதவைச் சாத்தியிருக்கிறேன். என் கல்யாணத்தில் மாப்பிள்ளை எங்கே என்று எல்லாரும் தேட, இவர் நாற்காலி மேல் ஏறி என் பாட்டுக்காரச் சித்தப்பாவைப் படம் பிடித்துக்கொண்டிருந்தார். ஆனால் என்னிடம் மிச்சம் இருந்தது அந்த ஒரு சுருள். அதையும் கருக்கிவிடப் பார்த்தீர்களே, அதற்குத்தான் கோபம். அது லேசில் போகாது.

இப்போதைக்குக் கழுவப் போவதில்லை. மனம் ஆறட்டும்.

தைசியா

*

குங்கூர்
1975 மார்ச் 5

அண்ணி,

உங்கள் கடிதத்தை வாசலிலேயே நின்று படித்தேன். படித்துவிட்டு அழுதேன். ரிம்மா பயந்துவிட்டாள். அவள் நலம்.

உங்கள் கோபம் நியாயம். அது போகும்வரை காத்திருக்கிறேன். கழுவும்போது உதவும் என்று இதை மட்டும் எழுதுகிறேன். ஃபெதோதின் பாட்டரித் தண்ணீர் ஏற்கெனவே நீர் கலந்தது. நல்ல கந்தக அமிலத்துக்குப் புத்தகத்தில் சொல்லும் அளவைப் போல நான்கு மடங்கு ஊற்ற வேண்டும். கேனைப் புதிதாகத் திறக்கச் சொல்லுங்கள், பழைய பாட்டரியிலிருந்து எடுத்தது ஆகாது. அமிலத்தைத்தான் தண்ணீரில் ஊற்ற வேண்டும், தண்ணீரை அமிலத்தில் அல்ல. டைகுரோமேட் தோலில் படக் கூடாது, ரப்பர் கையுறை போடுங்கள். ஜன்னலைத் திறந்து வையுங்கள். முதலில் ஒரு முழம் நறுக்கிப் பாருங்கள் என்று சொல்ல வந்தேன். உங்களிடம் அதைச் சொல்வது அதிகப்பிரசங்கித்தனம்.

கழுவுங்கள் அண்ணி. நான் கதவைச் சாத்துவது வந்தாலும் வரட்டும். அது நடந்ததுதான்.

நிகாந்தர்

*

கினேஷ்மா
1975 ஏப்ரல் 21

தம்பி நிகாந்தர்,

எப்படி இருக்கிறீர்கள்? வோல்காவில் பனிக்கட்டி உடைந்து போய்க்கொண்டிருக்கிறது, இரவெல்லாம் சத்தம். என் கால் வலி வெயில் வந்ததும் குறைந்திருக்கிறது.

நேற்று கழுவினேன். ஃபெதோத் புதுக் கேனைத் திறந்து கொடுத்தான், குளியலறை வாசலில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்துகொண்டான். யாரோ சோப்புப் பெட்டியோடு வந்தபோது, "உள்ள ஒருத்தர் உயிரோட வந்துக்கிட்டு இருக்கார், அப்புறம் வாங்க" என்று அவன் சொன்னது எனக்குக் கேட்டது. விளக்கைக் காட்டிவிட்டு இரண்டாம் டெவலப்பரில் போட்டதும் மூடியைத் திறக்க எனக்குத் தைரியமில்லை. திறந்தபோது சுருளில் குட்டிக் குட்டியாக வெள்ளைச் சட்டை போட்ட ஒரு மனிதர் இருந்தார். கறுப்பு இல்லை. வெள்ளை வெள்ளையாகவும் சாம்பல் சாம்பலாகவும் இருந்தது.

உலர்ந்ததும் நீளவாக்கில் நடுவில் கிழித்து, இரண்டு பக்கத்தையும் ஒன்றன்பின் ஒன்றாக ஒட்டி, படுக்கை விரிப்பில் ஓட்டினேன். ஆறு முறை ஓட்டினேன். சொல்கிறேன், கேளுங்கள்.

முதலில் பெர்ம் ரயில் நிலையம், புறாக்கள். பிறகு உங்கள் தெரு. நீங்கள் வாளியோடு வருகிறீர்கள். தலை நரைத்துவிட்டதே! தண்ணீரை ஊற்றுகிறீர்கள். நிமிர்கிறீர்கள். நேராக என்னைப் பார்க்கிறீர்கள். கதவு சாத்துகிறது. சாத்திய கதவின் மேல் கொஞ்ச நேரம் படம் ஓடி, வெள்ளையாகப் போய் முடிகிறது. முதல் பக்கம் அவ்வளவுதான்.

இந்தச் சுருளுக்கு இரண்டு பக்கம் என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டுமா? பாதி ஓடியதும் கேமராவைத் திறந்து திருப்பிப் போட வேண்டும், அதை வெயிலில் செய்ய முடியாது. உங்கள் தெருவில் அந்த நேரத்தில் நிழல் எங்கே இருந்தது, தம்பி? நீங்களே எழுதியிருக்கிறீர்கள். க்வாஸ் வண்டி. அவர் போகவில்லை. வண்டிக்குப் பின்னால் குந்தி உட்கார்ந்து, கோட்டைத் தலைமேல் போட்டுக்கொண்டு, சுருளைத் திருப்பிக்கொண்டிருந்தார்.

இரண்டாம் பக்கம் தொடங்கும்போது படத்தின் இடது ஓரத்தில் வண்டியின் சக்கரம் பாதி தெரிகிறது. நடுத்தெருவில் நீங்கள். வீட்டுச் செருப்பு. கையில் இன்னும் அந்த வாளி. பேருந்து நிறுத்தத்துப் பக்கம் பார்க்கிறீர்கள், மறுபக்கம் பார்க்கிறீர்கள். தவறான இரண்டு பக்கமும் பார்த்தீர்கள். பிறகு வாயைத் திறந்து ஏதோ கத்துகிறீர்கள். அந்த இடத்தில் படம் நடுங்குகிறது. இருபத்திரண்டு வருடத்தில் அவர் கை நடுங்கி நான் பார்த்ததில்லை. ரயிலில் நின்றுகொண்டு எடுத்தால்கூட நடுங்காது. அவர் கேட்டிருக்கிறார், தம்பி. நீங்கள் கூப்பிட்டது அவருக்குக் கேட்டிருக்கிறது. அவர் கடைசியாகக் கண்டது சாத்திய கதவை அல்ல.

ஏன் எழுந்து வரவில்லை என்று கேட்பீர்கள். நானும் விரிப்பைப் பார்த்துச் சத்தமாகக் கேட்டேன். "எந்திரிச்சுப் போயேன் மனுஷா, பத்தடிதான்!" என்று கத்தினேன். ஃபெதோத் சுவரைத் தட்டினான். அவருக்கு எதையும் எடுத்து முடித்த பிறகுதான் செய்யத் தெரியும். அவர் எடுத்து முடிப்பதற்குள் நீங்கள் உள்ளே போய்விட்டீர்கள். உங்கள் முதுகு வரை இருக்கிறது படத்தில். உங்களிடம் பாதித் தப்பு, அவரிடம் பாதித் தப்பு. எனக்கும் பங்கு உண்டு, இதுவரை நான் சொல்லவில்லை. பெர்மிலிருந்து வந்த அன்று சாப்பிட்டுக்கொண்டே, "வர்ற கோடையில ரெண்டு பேருமா குங்கூர் போவோமா, தாசியா?" என்றார். நான், "அந்த வீட்டுக்கா? அவங்க கூப்பிடட்டும், போவோம்" என்றேன். அவர் என்னவோ சொல்ல வாயெடுத்தார். பிறகு சூப்பைக் குடித்தார். கூப்பிட்டார்கள் என்று சொல்லத்தான் வந்தார் என்று இப்போது தெரிகிறது.

என் கோபம் நேற்று மூன்றாம் முறை ஓட்டும்போது போய்விட்டது. எங்கே போயிற்று என்று தேடவில்லை.

ஒன்று மட்டும் கேட்கிறேன். இந்த முறை ஒரே கடிதத்தில் பதில் எழுதுங்கள். படத்துக்குச் சத்தமில்லை. என்ன சொல்லிக் கத்தினீர்கள்?

ரிம்மாவுக்கு முத்தங்கள்.

உங்கள் அண்ணி
தைசியா

*

குங்கூர்
1975 மே 4

அன்புள்ள அண்ணி,

நாங்கள் இருவரும் நலம். உங்கள் கடிதத்தை ரிம்மாவை வாசிக்கச் சொல்லிக் கேட்டேன். கண் நிறைந்து எனக்கு எழுத்து தெரியவில்லை.

"சவ்வாண்ணே, டீ ஆறுது, உள்ள வா."

அதுதான் கத்தினேன். அடுப்பில் டீயே இல்லை அண்ணி. வேறு என்ன சொல்வது என்று தெரியவில்லை.

ஜூலையில் வாருங்கள். நான் கூப்பிடுகிறேன், எழுத்தில் கூப்பிடுகிறேன். புரொஜெக்டரையும் சுருளையும் கொண்டு வாருங்கள். விரிப்பு நான் கட்டுகிறேன், விளக்கை ரிம்மா அணைப்பாள், நீங்கள் நாற்காலியில் உட்கார்ந்து பாருங்கள். அந்த இடம் வரும்போது நான் சத்தமாகச் சொல்கிறேன்.

உங்கள்
நிகாந்தர்